மீன்கள் இங்கேயே இருக்கட்டும்

கண்ணு,

முதலில் ஒன்றை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கப்பா வாயால் கேட்டால் உப்பு காரமெல்லாம் சேர்ந்து வரும். போன வாரம் நான் மீனுக்காக வேலைக்கு லீவு போட்டேன். கேன்டீன் சூப்பர்வைசரிடம் போனில், "வூட்ல சின்னதுக்கு உடம்பு சரியில்ல சார்" என்று மட்டும்தான் சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. சாயங்காலம் பார்த்தால் என்னோடு வேலை செய்கிற பெண்கள் திருமுடிவாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து வாசலில் நிற்கிறார்கள். ஒருத்தி கையில் ரொட்டிப் பாக்கெட், ஒருத்தி கையில் சாத்துக்குடி. "குழந்தை எங்கக்கா, தூங்குதா?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார்கள். நான் என்ன செய்வேன், கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினேன். சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத ஒரு மீன், மற்ற மீன்களோடு சேராமல் மோட்டார் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது. சாத்துக்குடி கொண்டுவந்தவள் அதைத் திரும்பத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ரொட்டியை அதற்குள் உங்கப்பா பிரித்துவிட்டதால் அதை அவர்களால் எடுக்க முடியவில்லை. இப்போது கேன்டீனில் என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்வதில்லை, "சின்னது சாப்டுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

சின்னது சாப்பிட்டதுதான் பிரச்சினையே. உங்கப்பா போகும்போதும் வரும்போதும் "பாவம், வாயை வாயைத் திறக்குது" என்று சொல்லித் தீனியை அள்ளிப் போட்டிருக்கிறார். அதன் வயிறு மிளகு அளவு, இவர் போட்டது கோயில் படையல் அளவு. நான் மருந்துக் கடைக்கு ஓடவில்லை. தீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மொத்தக் கூட்டத்துக்கும் விரதம் வைத்தேன். வயிறு வற்றியதும் அது தானாகப் போய் மற்றவையோடு சேர்ந்துகொண்டது. இப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீதான், அதனால் பெருமையில் பாதி உனக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ சிநேகிதனுடைய குட்டியானை லோடு வண்டியோடு வந்து தொட்டியையும் மீன்களையும் உன் காட்டாங்குளத்தூர் வீட்டுக்கு எடுத்துப் போகப் போகிறாயாம். "வேலைக்கும் போய்ட்டு வந்து பக்கெட் தூக்கணும், உனக்கு ஏம்மா கஷ்டம்" என்று நீ போனில் சொன்னபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்துதான் போனது. அப்புறம் உங்கப்பா வாயைக் கிளறினேன். "கஷ்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆயுத பூஜை வருதுல்ல, அதுக்கு முன்னாடி எடுத்துகினு போயிடலாம்னு பாக்கறான்" என்று அப்படியே கொட்டிவிட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனுஷனிடம் ரகசியம் சொல்கிறாயே, அது அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடும் என்று உனக்குத் தெரியாதா? கோபமெல்லாம் இல்லை. நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மீன்கள் என்னிடமே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. நேரில் கேட்டால் நான் கிண்டல் பேசியே காரியத்தைக் கெடுத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சரண்யாவும் இதைப் படிப்பாள். கல்யாணமாகி வந்த புதுப்பெண்ணுக்குப் பழைய கதை தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாடி, உன் புருஷன் முதன்முதலில் வளர்த்தது மீன் இல்லை, தண்ணீர். கண்ணாடித் தொட்டியை வாங்கி வந்தான். மணல் போட்டான், இரண்டு செடி நட்டான், தண்ணீர் ஊற்றி மோட்டாரையும் ஓட விட்டான். மீன் மட்டும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே ஓடியது. காலேஜ் பஸ் ஓட்டிவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல், வெறும் தண்ணீருக்குள் ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்காருவான். என் பிள்ளைக்கு யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டு மேரி அக்கா கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்து எட்டிப் பார்ப்பார். "இன்னாடி, உம் புள்ள தண்ணி வளக்கிறானாமே. எவ்ளோ வளந்துகீது?" என்று கேட்டார். "வர்ற மாசம் காது குத்தறோம், நீ வந்து மொய் வெச்சுட்டுப் போ" என்று நானும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதோடு போயிற்றா, கண்ணு? நம் பம்மல் போர்வெல் தண்ணீர் இந்த ஜாதி மீனுக்கு ஆகாது, அதற்கு உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று நாம் குடிப்பதற்கு வாங்கிய கேன் தண்ணீரில் பாதியை நீ தொட்டியில் ஊற்றினாய். இன்னும் பிறக்கவே பிறக்காத மீனுக்குக் கேன் தண்ணீர், பெற்ற தாய்க்குப் போர் தண்ணீர் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

நீ கோபப்படவே இல்லை. அந்தத் தீனி அழுகும், அழுகினால் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் வரும், அவை மோட்டாரில் இருக்கும் பஞ்சுக்குள் குடியேறும், மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைப்பவை அவைதான், அவை குடியேறுவதற்கு முன்னால் மீனை விட்டால் அது தன் அழுக்கிலேயே செத்துப்போகும் என்று பொறுமையாகச் சொன்னாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே "ஆமாமா" என்றேன். காதில் ஏறவில்லை. சின்ன வயதிலிருந்து உன்னை நான் ஆமை என்றுதான் கூப்பிட்டேன், உனக்கு நினைவிருக்கும். இட்லி தின்பதற்கு ஒரு மணி நேரம், பதில் சொல்வதற்கு அரை நாள். தெருவே சிரித்தபோதும் வெறும் தண்ணீருக்கு முன்னால் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான், மெதுவாக இருப்பதும் பொறுமையாக இருப்பதும் வேறு வேறு என்று எனக்கு உறைத்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று நினைத்தேன். இப்போது உன் தலை இன்னொருத்தியின் பொறுப்பு, அதனால் சொல்லிவிட்டேன்.

மீன் வாங்கிய கதையையும் சரண்யா தெரிந்துகொள்ளட்டும். தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருக்கிற கடைக்குப் போய் ஒரு சாயங்காலம் முழுக்க நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தாய். ஒரே ஒரு மீனின் துடுப்பில் உப்புத்தூள் போல வெள்ளைப் புள்ளி இருந்ததாம், அதனால் அந்தத் தொட்டி மீன் எதுவுமே வேண்டாம் என்று வந்துவிட்டாய். சரண்யாவைப் பெண் பார்க்கப் போனபோது காபி ஆறுவதற்குள் தலையாட்டினவன் நீ. அடுத்த தடவை போய் ஒரு கூட்டமாகவே வாங்கி வந்தாய். ஜோடியாக இரண்டு வாங்கினால் போதாதா என்று நான் கேட்டதற்கு, "ரெண்டுன்னா பயத்துலயே செத்துடும்மா. கூட்டமா இருந்தாதான் அதுக்குத் தைரியம்" என்றாய். பையை அவிழ்த்து உடனே கொட்டவும் இல்லை. பையோடு தண்ணீரில் மிதக்க விட்டாய், தொட்டித் தண்ணீரை ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி என்று பைக்குள் ஊற்றினாய். என் சாம்பார் கரண்டி அது. அந்தத் தண்ணீருக்கும் இந்தத் தண்ணீருக்கும் அது பழக வேண்டும் என்று விளக்கையும் அணைத்துவிட்டாய். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே உங்கப்பா வீட்டார் என்னை அடுப்பு, மாமியார், குடிநீர்ச் சண்டை எல்லாவற்றுக்குள்ளும் ஒரேயடியாகக் கொட்டினார்கள். நான் நீந்திவிட்டேன், அது வேறு. உன் பெண்டாட்டியை நீ கரண்டி கரண்டியாகத்தான் பழக்க வேண்டும், அவளும் உன்னை அப்படியே. சரண்யா, உன்னை மீன் என்று சொல்லவில்லை. சொல்வதானால் அந்தப் பைக்குள் இருப்பவன் அவன்தான்.

அந்தக் கூட்டத்தை முதன்முதலில் பார்த்த நாளை என்னால் மறக்க முடியாது. முதுகில் நீலக் கோடு, வால் பக்கம் சிவப்பு. கடையில் சாயம் போன துணி மாதிரி இருந்தவை, இங்கே வந்து சில நாளில் பட்டுப் புடவை ஜரிகை போல மின்ன ஆரம்பித்தன. நிறம் நன்றாக இருந்தால் மனசு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், நிறம் வெளுத்தால் ஏதோ கஷ்டம் என்று அர்த்தம் என்று நீ சொல்லிக்கொடுத்தாய். காலையில் இருட்டிலிருந்து வெளிச்சம் வரும்போது அவை வெளுத்துத்தான் இருக்கும், அது நோய் இல்லை, தூக்கக் கலக்கம். அதனால் விளக்கை டக்கென்று போடாமல் முதலில் ஜன்னலை மட்டும் திறக்கிறேன். டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் நீலம் வந்துவிடும். அப்புறம்தான் விளக்கு. யாராவது கதவைச் சாத்தினால் மொத்தமும் ஒரே சமயத்தில் திரும்பும். யார் சொல்லித் திரும்புகின்றன, யார் முன்னால் போகிறது என்று நானும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன், தலைவர் என்று எதுவும் கிடையாது. நம் சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பஸ்ஸில் ஏற முடியாது.

சரி, ஆயுத பூஜைக்கு வருகிறேன். நீ அந்தப் பேச்சை இதுவரை எடுத்ததே இல்லை, அதனால் நானே எடுக்கிறேன். அன்றைக்கு வீட்டில் உழைக்கிற பொருள் எதுவாக இருந்தாலும் கழுவிப் பொட்டு வைப்போம். போன வருஷம் உங்கப்பா ஆட்டோவைக் கழுவினார், நான் கிரைண்டர், மிக்சி, அரிவாள்மணை, தையல் மெஷின் என்று வரிசையாக முடித்தேன். தொட்டி மோட்டார் மட்டும் ராத்திரி பகல் உழைக்கிறதே, அதற்கு ஒன்றும் இல்லையா என்று மனசு கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு சாக்கடை நிறத்தில் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குத்துவிளக்கு தேய்த்த புளி மீதி இருந்தது. புளி போட்டு, வெந்நீர் ஊற்றி, பிழிந்து பிழிந்து, புதுசு போல வெள்ளையாக்கி மாட்டினேன். மோட்டாருக்கு ஒரு பொட்டு, கண்ணாடிக்கு மூன்று பொட்டு. நீ பஸ் டிரைவர்களோடு பூஜை முடித்துவிட்டு வந்தபோது, "பாத்தியா, எவ்ளோ சுத்தம்" என்று காட்டவும் செய்தேன். உன் முகம் மாறியதைக் கவனித்தேன். பொட்டு கோணலாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போல ஆனது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நீலம் போய்விட்டது. ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. நீ என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "மா, அது அழுக்கு இல்லமா. அதுலதான் உயிர் கீது. இன்னொரு தடவ வெச்சுக்கலாம், வுடு" என்றாய். அவ்வளவுதான். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று தண்ணீர் மாற்றினாய், தீனியை நிறுத்தினாய். தாம்பரம் கடைக்காரரிடம் போய், நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒன்றைக் கெஞ்சி வாங்கி, கவரில் தண்ணீரோடு கட்டி, பஸ் கூட்டத்தில் நசுங்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாய். திருப்பதி லட்டைக்கூட யாரும் அப்படிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. அந்த நாற்றம் பிடித்த பஞ்சை மோட்டாரில் வைத்துவிட்டுக் காத்திருந்தாய். கொஞ்ச நாளில் தண்ணீர் தெளிந்தது, மிச்சமிருந்தவை பிழைத்தன. ஆனால் கூட்டம் சிறுத்துப்போனதால் அவை பயந்து செடிக்குப் பின்னால் ஒண்டியே கிடந்தன. புதிதாக வாங்கி வந்தவற்றையும் நீ நேராக விடவில்லை, நோய் எதுவும் இல்லை என்று தெரிகிறவரை தனியாக ஒரு டப்பில் வைத்துப் பார்த்தாய். கடைசியில் அவற்றைத் தொட்டியில் விட்ட அன்றைக்கு, ஒண்டிக் கிடந்ததெல்லாம் வெளியே வந்து அவற்றோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றின. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கண்ணில் தண்ணீர், வேறொன்றும் இல்லை.

இப்போது என் பக்கத்துக் கதையையும் கேள். உன் கல்யாணம் முடிந்து நீங்கள் போன பிறகு ஒரு நாள் பெரிய மழை. விடிந்ததும் போன கரண்ட், டிரான்ஸ்பார்மர் போச்சு என்று சாயங்காலம் வரை வரவில்லை. மோட்டார் நின்றுவிட்டது. உனக்குப் போன் போட்டால் டவர் இல்லை. மத்தியானத்துக்குள் மீன்கள் மேலே வந்துவிட்டன. தண்ணீருக்குக் காற்று வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரியும், அதை எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. நான் கேன்டீனில் தினமும் செய்கிற வேலை என்ன? டீ ஆற்றுவது. டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து மெல்லிசாக, தொட்டிக்குள்ளேயே ஆற்றினேன். நுரை வந்தது. முதலில் அவை பயந்து ஓடின. அப்புறம் புரிந்துகொண்டு நுரைக்குக் கீழேயே வந்து நின்றன. மேரி அக்கா குடையோடு வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மீனுக்கு டீயா?" என்றார். "சக்கர கம்மியா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டு, "நவுரு, நான் ஆத்தறேன்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டார். தண்ணீர் வளர்க்கிறான் என்று தெரு முழுக்கச் சொன்னவர்தான். உங்கப்பா சவாரியை விட்டுவிட்டு வந்து கொஞ்ச நேரம் ஆற்றினார், அவர் ஆற்றியதில் பாதி தரைக்குப் போனது. கரண்ட் வந்து மோட்டார் சத்தம் கேட்டபோது எங்கள் மூன்று பேருக்கும் தோள் விட்டுப்போயிருந்தது. ஒரு மீன்கூடப் போகவில்லை. இதை உன்னிடம் இதுவரை சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீ அன்றைக்கே வண்டி பிடித்துக்கொண்டு வந்திருப்பாய்.

அதனால் நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். இந்தத் தொட்டியைத் தூக்கினால் தண்ணீர் போகும், மணல் கலையும், குட்டியானை குலுக்குகிற குலுக்கலில் மீன்கள் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நீயும் சரண்யாவும் அங்கே புதிதாக ஒரு தொட்டி வையுங்கள். தண்ணீர் ஊற்றி ஓட விடுங்கள். அக்கம்பக்கத்தில் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்த முறை நீ கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டாம், என் மோட்டாரில் நல்ல அழுக்காகப் பழுத்திருக்கிற பஞ்சில் பாதியை வெட்டித் தருகிறேன். பிள்ளை தனிக்குடித்தனம் போனால் தாய் வீட்டிலிருந்து குத்துவிளக்கு கொடுப்பார்கள், குக்கர் கொடுப்பார்கள். நான் இதைக் கொடுக்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், இரண்டு பேரும் கேளுங்கள். புது வீட்டில் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பறக்காதீர்கள். நீ துண்டைக் கட்டிலில் போடுவாய், அவள் கதவைத் தாழ்போட மறப்பாள், அதற்கு ஒரு சண்டை, அதற்கு ஒரு சமாதானம், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறதே, அதையெல்லாம் யாரும் வந்து வெந்நீர் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். கழுவ வருகிறவள் நானாக இருந்தாலும் விடாதீர்கள்.

இந்த வருஷம் பொட்டு தொட்டியின் வெளிப்பக்கம் ஒன்றே ஒன்றுதான். புளி அடுப்படியை விட்டு வெளியே வராது. ஞாயிற்றுக்கிழமை வா, சரண்யாவையும் கூட்டிக்கொண்டு வா, வண்டி இல்லாமல் வா.

இவ்வளவு எழுதிவிட்டு, கூட்டத்தில் இப்போது எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதினால் நீ நம்புவாய் என்று எழுந்துபோய்த் தொட்டிக்கு மேலே குனிந்தேன். என் மூக்குக்கண்ணாடி தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. பிளாஸ்டிக் பிரேம்தான், துரு ஏறாது. கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்த கை, அதனால் உள்ளே விடவில்லை. உங்கப்பா கையில் கிரீஸ். மேரி அக்கா சர்ச்சுக்குப் போயிருக்கிறார். மூக்குக்கண்ணாடி மணல் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. மீன்கள் காதில் மாட்டுகிற இரண்டு கொம்புக்கும் நடுவில் வரிசையாக நுழைந்து அந்தப் பக்கம் வருகின்றன. எத்தனை என்று தெரியவில்லை, மங்கலாக இருக்கிறது.